ஒரு செகண்டு மிச்சம்

மாடம்பாக்கம்,
18 ஜூன் 2023

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஆரோனுக்கு,

அக்கா ஜெரூஷா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அவருக்குச் சர்க்கரைதான் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மலைக்குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி? கம்பளி வாங்கிக்கொண்டாயா?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உங்கள் முகாமில் டவர் இல்லை. மாதம் ஒருமுறை நீ கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதோடு ஒரு காரியமும் இருக்கிறது. என்னிடம் டியூஷன் படிக்கும் பதினோரு பிள்ளைகளுக்கும் கூட்டல் கழித்தல் வரும். அதையே ஒரு கதையாக எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடிக்கிறார்கள். 'ஒரு கடைக்காரரிடம் 48 மாம்பழங்கள் இருந்தன' என்று தொடங்கினால் கொட்டாவி வருகிறது. நீ காட்டில் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு திரிகிறவன். அவற்றை வைத்துச் சில கணக்குகள் எழுதி அனுப்பு. கையால் எழுது. தபாலில் வரும் கடிதத்தை இவர்கள் யாருமே பார்த்ததில்லையாம்.

முகாமுக்குத் தபால் வருவதில்லை, உன்னோடு ரோந்து வரும் வெற்றிவேல் வீட்டுக்கே எழுது என்று போனில் சொன்னாயே, அந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். அவர் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அக்கா ஜெரூஷா

•

9 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். சளி இல்லை. மாமாவைக் காலையில் நடக்கச் சொல்.

பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டு.

ஒன்று: ஒரு யானை ஒரு நாளில் 15 தடவை லத்தி போடும். ஒவ்வொரு தடவையும் 6 உருண்டை. இரண்டு யானைகள் நம் முகாம் வாசலிலேயே ஒரு நாள் முழுக்க நின்றால், மறுநாள் காலையில் கூட்டித் தள்ள எத்தனை உருண்டை இருக்கும்?

இரண்டு: மலை அணில் ஒரு தாவலில் 6 மீட்டர் போகும். பலா மரம் 48 மீட்டர் தள்ளி இருக்கிறது. எத்தனை தாவல்? ஒவ்வொரு இரண்டு தாவலுக்கும் நின்று ஒருமுறை கத்தும் என்றால், பலா மரத்தில் போய்க் கத்துவதையும் சேர்த்து எத்தனை முறை கத்தும்?

மூன்று: 36 புள்ளிமான்கள். நான்கில் ஒரு பங்கு தலை நிமிர்ந்து காவல் காக்கும், மீதி மேயும். மேய்வது எத்தனை? காவல் மானில் ஒன்று தூங்கிவிட்டால் விழித்திருப்பது எத்தனை?

சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். உன் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்.

உன் தம்பி,
ஆரோன்

•

மாடம்பாக்கம்,
30 ஜூலை 2023

பிரியமான தம்பிக்கு,

சுகமாய் இருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். இங்கேயும் கர்த்தர் கிருபையால் குறையில்லை.

லத்திக் கணக்கைப் படித்ததும் சிரித்துச் சிரித்து ஒருவன் பாயிலேயே உருண்டுவிட்டான். ஆனால் பதினோரு பேரும் 180 என்று சரியாகப் போட்டார்கள். ஒரு வருஷமாக நடக்காதது. உன் கடிதம் எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் போய் வந்தது. என் தம்பி வனத்துறையில் இருக்கிறான் என்று முன்பு நான் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தெருவில் என்னை 'காட்டு மாமாவோட அக்கா' என்கிறார்கள்.

பிள்ளைகளும் உனக்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றை மட்டும் அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்பு தீபலட்சுமி எழுதியது, அவள் சொன்னபடியே:

'யானை ஒரு செகண்டுக்கு 10 மீட்டர் ஓடும். ஆரோன் மாமா ஒரு செகண்டுக்கு 5 மீட்டர் ஓடுவார். யானை மாமாவுக்கு 60 மீட்டர் பின்னாடி நிக்குது. மாமாவுக்கு முன்னாடி 50 மீட்டரில் ஒரு மரம் இருக்கு. மாமா தப்பிப்பாரா?'

விடையும் அவளே போட்டிருக்கிறாள். மாமாவுக்கு 10 செகண்டு, யானைக்கு 11 செகண்டு. "மரத்தை நான்தான் மிஸ் அங்க வெச்சேன். மாமாவுக்கு ஒரு செகண்டு மிச்சம்" என்றாள். கெட்டிக்காரி.

சீக்கிரம் பதில் போடு. இவர்கள் தபால்காரரை நிம்மதியாக விடுவதில்லை.

அக்கா ஜெரூஷா

•

மாடம்பாக்கம்,
10 செப்டம்பர் 2023

தம்பிக்கு,

உடம்புக்கு ஏதாவதா? ஆறு வாரமாயிற்று. போனும் இல்லை. நான் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. வெற்றிவேல் வீட்டு நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளாதது என் முட்டாள்தனம்.

போன ஞாயிறு சபையில் போதகர் உன் பேரைச் சொல்லி, காட்டில் காவல் காக்கும் மகனுக்காக என்று ஜெபித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தீபலட்சுமியின் அம்மா ஷீலா, உங்கள் தம்பி யூனிபாரத்தில் எடுத்த போட்டோ இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்றார். ஒன்று அனுப்பு.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

•

8 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. கவலைப்பட வேண்டாம். போட்டோ எதுவும் இப்போது கைவசம் இல்லை.

தீபலட்சுமியின் கணக்கு சரி. விடையும் சரி. நன்றாக வருவாள். ஆனால் யானைக் கணக்கு இனி வேண்டாம் என்று அவளிடம் சொல். வேறு மிருகங்களும் இருக்கின்றன.

இருவாச்சி என்று ஒரு பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பூசி அடைத்துவிடும். ஒரு சின்ன ஓட்டை மட்டும். ஆண் பறவை ஒரு நாளைக்கு 9 நடை போய் ஒவ்வொரு நடைக்கும் 14 அத்திப்பழம் கொண்டுவந்து அந்த ஓட்டை வழியாகக் கொடுக்கிறது. அதில் பாதி அம்மாவுக்கு, பாதி குஞ்சுக்கு. அம்மாவுக்கு எத்தனை? குஞ்சுக்கு எத்தனை? அப்பாவுக்கு எத்தனை?

உன் முழங்கால் எப்படி? மாடி ஏறாதே.

ஆரோன்

•

மாடம்பாக்கம்,
19 நவம்பர் 2023

தம்பி ஆரோனுக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

இருவாச்சிக் கணக்கில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்ததும் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. போகிற வழியில் தின்றிருக்கும் என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. ஷீலா வீடு மாற்றப் பார்க்கிறார். போன சனிக்கிழமை பெரும்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியைப் பார்க்கத் துணைக்கு என்னையும் காரில் கூட்டிப்போனார். வாடகை கட்டுப்படியாகாது என்று திரும்பிவிட்டோம்.

உனக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலையா? உட்கார நாற்காலி கொடுப்பார்களா? வேளாவேளைக்குச் சாப்பிடு. இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது.

அக்கா

•

மாடம்பாக்கம்,
9 டிசம்பர் 2023

தம்பி,

இது உனக்கு எப்போது வந்து சேருமோ தெரியாது.

புயல் மழையில் நான்கு நாள் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. பெரும்பாக்கம் பக்கம் ஆள் உயரத் தண்ணீர் என்கிறார்கள். போட் விட்டு ஆட்களை எடுத்தார்களாம். அடுக்குமாடிகளில் கீழ்த்தளம் முழுக்கப் போய்விட்டதாம். மாமாவைப் பைக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மேடவாக்கம் வரைதான் போக முடிந்தது. ஏன் போகச் சொல்கிறாய், அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அங்கே மழை எப்படி? நீ தங்கும் இடத்தில் தண்ணீர் வந்ததா? துணிமணி நனைந்ததா? குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்ததா? மலை மேல் வெள்ளம் எப்படி வரும் என்று நீ கேட்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஒரு வரி போதும்.

ஜெரூஷா

•

27 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. மாமாவுக்கும் சொல். இங்கே மழை இல்லை. குளிர்தான்.

மேலே எழுதிய வரி பொய். கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்க நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அக்கா, நான் மலையில் இல்லை. மே மாதத்திலிருந்து பெரும்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உன் கடிதங்களை வெற்றிவேல் அண்ணன் எனக்குத் திருப்பி அனுப்புவார். என் பதில்களை அவருக்கு அனுப்பினால் அவர் மனைவி அங்கே தபாலில் போடுவார். உதவி கேட்டு நான் போன் செய்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன்ற அக்காகிட்டச் சொல்றது உன்ற வேல. தபால் போடறது மட்டும் நான் செய்யறேன்."

ஏப்ரல் 14ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் ரோந்து போனோம். ஓடைப் பக்கம் மூங்கிலுக்குள்ளிருந்து ஒற்றை யானை வந்தது. ஓடினோம். அண்ணன் கால் வேரில் மாட்டி விழுந்தார். "ஆரோனே, கையைக் குடு" என்று கூப்பிட்டார். அவர் கைக்கும் எனக்கும் நான்கு அடி தூரம்கூட இருக்காது. நான் நிற்கவில்லை. பாறையை ஒட்டி ஒரு மரம் இருந்தது. ஏறிவிட்டேன்.

யானை அவரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. போன பிறகும் நான் இறங்கவில்லை. அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முகாமிலிருந்து ஆட்கள் தேடி வரும்வரை, ஒரு மணி நேரம், மேலேயே இருந்தேன். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதிகாரி விசாரித்தபோது அண்ணன், "நான்தான் அவனை ஓடச் சொன்னேன்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. என்னை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. நானே வந்துவிட்டேன்.

அந்தக் குழந்தை எனக்காக ஒரு மரத்தை வைத்துக் கணக்கு எழுதி அனுப்பியது. அதைப் படித்த பிறகு எப்படி அக்கா பதில் எழுதுவது?

வெள்ளத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் முதல் மாடிப் படிக்கட்டில் இருந்தேன். கம்பளியும் இரண்டு சட்டையும் போயின. யாரையும் காப்பாற்றவில்லை. போட் வந்தபோது எல்லோரோடும் நானும் ஏறிக்கொண்டேன்.

விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். இதை நேராக இங்கிருந்தே போடுகிறேன்.

ஆரோன்

•

மாடம்பாக்கம்,
3 ஜனவரி 2024

என் தம்பி ஆரோனுக்கு,

உயிரோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தேன். அதற்கு மேல் புது வருஷத்துக்கு என்ன வேண்டும்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். நான் என்னுடையதைச் சொல்லவில்லை.

நவம்பர் மாதம் ஷீலாவோடு பெரும்பாக்கம் போனதாக எழுதினேன் அல்லவா. கேட்டில் கார் நின்றது. நீல யூனிபாரத்தில் ஒருவர் வந்து நோட்டில் கார் நம்பரை எழுதினார். நிமிர்ந்தபோது அது நீ. கன்னம் ஒட்டி, தாடியோடு. என் ஜன்னலுக்கும் உனக்கும் ஒரு கை தூரம்.

என்ன ஆயிற்று, ஏன் இங்கே நிற்கிறாய் என்று இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும். வேறு எந்த அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். நான் குனிந்து போனைப் பார்த்தேன். போன் அணைந்திருந்தது, ஆரோன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டியதும் ஷீலா, "தெரிஞ்சவரா மிஸ்?" என்று கேட்டார். "இல்லையே" என்றேன்.

உனக்கு என்ன கஷ்டமோ என்று அப்போது நினைக்கவே இல்லை. காட்டு மாமா என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே என்றுதான் நினைத்தேன். திரும்பும்போது வேறு கேட் வழியாகப் போகலாம் என்று ஷீலாவிடம் சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து ஒரு வாரம் உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் நாற்காலி இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன்.

புயலடித்த அன்று நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மலை விலாசத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ மரத்தில் நின்றது ஒரு மணி நேரம். நான் நின்றது ஒரு மாதத்துக்கு மேல்.

மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உடனே போய்க் கூட்டி வா என்கிறார். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீ வரச் சொன்னால் வருகிறேன்.

ஜெரூஷா

•

பெரும்பாக்கம்,
28 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் நலம். உண்மையாகவே நலம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. அன்றைக்குக் காரில் நீ இருந்ததை நானும் பார்த்தேன். நீ குனிவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். நீ குனிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. நீ கூப்பிட்டிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மே மாதத்திலேயே உன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்தான் அக்கா. அதனால் அந்தப் பாரத்தை நீ ஒருத்தியே சுமக்காதே.

உன்னை வரச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பொங்கல் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு வெற்றிவேல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கிற கம்பிச் சட்டம். நான் காலைத் தொடப் போனேன். "அதெல்லாம் வேண்டாம், உக்காரு" என்றார்.

கொஞ்ச நேரம் மழை, யானை வழித்தடம் என்று பேசினார். பிறகு கேட்டார்.

"நீ ஓடுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனை வந்தா ஆரா இருந்தாலும் ஓடத்தான் செய்வான். கால் மாட்டலைன்னா நானும் உன்ற பின்னாடியேதான். ஆனை போனதுக்கப்புறம் கூப்பிட்டனே, அது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுச்சுண்ணா."

"எல்லாமே?"

"எல்லாமே கேட்டுச்சு."

அவர் தலையாட்டினார். "கேக்கலைன்னு சொல்லுவியோன்னு நெனச்சேன். இதக் கேக்கறதுக்குத்தான் உன்ற தபாலெல்லாம் போட்டுட்டு இருந்தேன். அது நின்னுபோச்சுன்னா நீ வரவே மாட்டீன்னு தெரியும்." பக்கத்துக் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "மரத்த உட்டு எறங்க உனக்கு ஒம்பது மாசம் ஆயிருக்குது" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மனைவி சாப்பாடு போட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குப் போய், அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் என்னை ஓடச் சொல்லவில்லை என்றும் எழுதினேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. மாதம் ஒருமுறை அண்ணனைக் கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இனி நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "வந்தா பாக்கலாம்" என்றார்.

இப்போது நீ வரலாம் அக்கா. சனிக்கிழமை எனக்குப் பகல் டூட்டி.

உன் தம்பி,
ஆரோன்

•

மாடம்பாக்கம்,
11 பிப்ரவரி 2024

என் தம்பி ஆரோனுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு மனம் ஓடவில்லை. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமையே அக்கா வருவாள் என்று எதிர்பார்த்திருப்பாய். உன்னிடம் வருவதற்கு முன்னால் எனக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

முதலில் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆரோன் மாமா காட்டு வேலையை விட்டுவிட்டார், பெரும்பாக்கத்தில் ஒரு கேட்டில் காவல் இருக்கிறார் என்றேன். ஏன் விட்டாய் என்பதைச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. "அப்ப இருவாச்சிக் கணக்கு பொய்யா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். இருவாச்சியை மாமா உண்மையாகவே பார்த்திருக்கிறார், எழுதும்போது வேறு இடத்தில் இருந்தார் என்றேன். புரிந்ததோ என்னவோ. தீபலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவளைக் கூட்டிப்போக ஷீலா வந்தபோது வாசலில் நிறுத்திச் சொன்னேன்.

"ஷீலா, அன்னிக்குப் பெரும்பாக்கத்துல கேட் திறந்துவிட்டாரே, அவர் என் தம்பி. நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்."

ஷீலா ஆச்சரியப்படவில்லை. "எனக்கு அப்பவே தோணுச்சு மிஸ். முகம் அப்படியே உங்க ஜாடை. அதனாலதான் கேட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டே பேசினார்.

"எங்க அப்பா கோவிலம்பாக்கத்துல ஒரு கம்பெனியில முப்பது வருஷம் வாட்ச்மேன். அந்தச் சம்பளத்துலதான் நான் டிகிரி முடிச்சேன். இதை உங்ககிட்ட ஒருநாள் சொல்லணும்னு இருந்தேன். நீங்க நல்லா பழகுவீங்க, அதனால. அன்னிக்கு நீங்க இல்லைன்னு சொன்னதும், நல்லவேளை இவங்ககிட்ட சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டேன் மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஒரு கேட்டில் இரண்டு பேரை அவமானப்படுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் இனி பிள்ளையை அனுப்பமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் தீபலட்சுமி வந்தாள். ஷீலா வாசலோடு போய்விட்டார். உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற வழக்கம் நின்றுவிட்டது. அது திரும்பி வர நாளாகும். வராமலும் போகலாம்.

வருகிற சனிக்கிழமை தாம்பரம் போய், அங்கிருந்து மேடவாக்கம் பஸ் மாறி வருகிறேன். மாமாவும் வருகிறார். காலை பத்து மணிக்குள் உன் கேட்டுக்கு முன்னால் நிற்போம். உள்ளே போகிற கார்களும் வெளியே வருகிற கார்களும் நிற்கும், ஆட்கள் பார்ப்பார்கள். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அக்கா ஜெரூஷா